கலவரமும் நடுகல்லும்

ஈரோட்டிலிருந்து கோவை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பூரைக் கடந்து, வஞ்சிபாளையத்தையும் விட்டு அப்பாற் சென்றால் வரும் ஊர் சோமனூர். விசைத்தறியால் வாழும் ஊர். இவ்வூரை நடுவாகக் கொண்டு முப்பது கிலோமீட்டர் அளவில் ஒரு வட்டம் வரைந்தால், சென்ற நூற்றாண்டின் அரசியற் பூசல்களிற் குருதி சிந்திய இடங்கள் பல அதனுள் அடங்குவதைக் காணலாம். கிழக்கே திருப்பூர்; 1932 சனவரி 10-இல் குமரன் தடியடிபட்டு வீழ்ந்ததும், 1965 பிப்ரவரி 10-இல் காவல் உதவி ஆய்வாளர் இருவர் உயிரோடு எரிக்கப்பட்டதும் அவ்வூரிலேயே. தென்மேற்கே சூலூர், 1942 ஆகஸ்டுத் திங்களில் விமானத் தளம் தீக்கிரையான இடம். அதனை அடுத்துச் சின்னியம்பாளையம். 1946 சனவரி 8-இல் தூக்கிலிடப்பட்ட ஆலைத் தொழிலாளர் நால்வரின் ஊர். வடகிழக்கே பெருமாநல்லூர், 1970 சூன் 19-இல் உழவர் மூவர் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானது அங்கே. வட்டத்தின் மேற்கு விளிம்பிற் கோவை நகரம்.

இவற்றுள் எவை நினைக்கப்படுகின்றன? எவை மறக்கப்பட்டன? பெரிய நிகழ்ச்சி நிலைக்கும், சிறியது தேயும் என்று விடை கூறுதல் எளிது. ஆயின் இறந்தோர் எண்ணிக்கைக்கும் நினைவின் வலிமைக்கும் நேரான தொடர்பு இல்லை என்பதை மேற்கூறிய இடங்களே காட்டும். திருப்பூரில் 1932-இல் இறந்தவர் ஒருவர். அவரை அறியாத தமிழ்ச் சிறுவன் இல்லை. அதே ஊரில் 1965-இல் மாண்டவர்களைப் பற்றி அவ்வூர்ப் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலோர் ஒன்றும் அறியார். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். காரணம் அரசியலில் மட்டும் இல்லை. இறந்தோரைப் பாடுதற்கும் கல்லெடுத்தற்கும் தமிழ்மரபு வகுத்த நெறிகளிலும், நாம் அந்நெறிகளிற் கைவிட்ட ஒரு பகுதியிலும் உள்ளது என்பதே யான் கண்ட முடிபு.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

கலவரம் என்னும் சொல் இன்று பெற்றிருக்கும் பொருளைப் பழைய நூல்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மனம் கலங்கி நிற்கும் நிலை, அச்சம், குழப்பம் என்பனவே அதன் முற்பட்ட பொருள்கள். கலவரப்பட்ட முகம் என்று இன்றும் சொல்கிறோம். ஒருவனது உள்ளத்துக் கலக்கத்தைக் குறித்த சொல், தெருவின் கலக்கத்தைக் குறிக்கலாயிற்று. பண்டைய நூல்களில் அவ்விடத்தை நிரப்பிய சொற்கள் கலாம், இகல், பூசல் முதலியன. இவற்றுட் பூசல் என்பது ஆராய்தற்குரியது. அது பேரொலியையும் குறிக்கும், போரையும் குறிக்கும், இறந்தவனைச் சூழ்ந்து சுற்றத்தார் எழுப்பும் அழுகை ஆரவாரத்தையும் குறிக்கும். காஞ்சித்திணைத் துறைகளுட் பூசல்மயக்கம் என்று ஒன்று உண்டன்றோ? அடிக்கும் கூச்சலும் அழும் கூச்சலும் ஒரே சொல்லால் வழங்கப்பட்ட காலம் அது. இன்றோ அடித்தலுக்குக் கலவரம் என்றும் அழுதலுக்கு நினைவேந்தல் என்றும் தனித்தனிச் சொற்கள் வந்துவிட்டன. சொற்கள் பிரிந்ததோடு அவற்றை ஆளுவோரும் பிரிந்துவிட்டனர்.

ஒரு நிகழ்ச்சிக்குப் பெயரிடுபவர் யார் என்பது நினைவின் முதற் படி. 1806 சூலை 10-இல் வேலூரில் நடந்ததனை ஆங்கிலேயர் சிப்பாய்க் கலகம் என்றனர். நாம் வேலூர்ப் புரட்சி என்கிறோம். சூலூரின் நிலையும் இதுவே. வெள்ளையனே வெளியேறு என்னும் கிளர்ச்சியின்போது, 1942 ஆகஸ்டு 26 இரவில், அங்குக் கட்டப்பட்டு வந்த போர் விமானத் தளத்தின் கொட்டகைகளும் சரக்கூர்திகளும் கொளுத்தப்பட்டன. அன்றைய அரசின் கண்ணில் அது நாசவேலை. ஐந்தாண்டுகளிற் கொடி மாறியது. செயலின் பெயரும் மாறியது. சிறை சென்றவர் ஈகியர் ஆயினர். அவர்களுக்கு ஓய்வூதியமும் செப்புப் பட்டயமும் கிடைத்தன. தளமோ இன்று இந்திய விமானப் படையினது. எரிந்த இடமே நாட்டின் காவலிடமாக மாறிவிட்டமையால், அங்கு எரித்தவர்க்கு நினைவுக்குறி நாட்டுவதில் ஒரு கூச்சமும் இருக்கத்தான் செய்கிறது. இந்நிகழ்ச்சி சூலூர்ப் பகுதியின் முதியோர் பேச்சிலும் விடுதலைப் போராட்ட வரலாற்று நூல்களிலும் வாழ்கிறதேயன்றி, குமரன் கதையைப் போலத் தமிழகம் முழுவதும் பரவவில்லை. ஏன்? அங்கு எரிந்தவை பொருள்கள். நினைவுக்கு வேண்டுவது ஓர் உடல். அவ்வுடலுக்கு ஒரு பெயர்.

கல்லெடுக்கும் நெறி

வீரனுக்குக் கல்லெடுத்தலைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் ஆறு நிலைகளாகப் பகுத்தமை அனைவரும் அறிந்ததே: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு இவற்றையொட்டியே பெயரிட்டார். இந்நிலைகளை வெறும் சடங்கு என்று கொள்ளாமல் பொது நினைவு உருவாகும் வழி என்று கொண்டு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கல் தானாக நிற்பதில்லை. அதனைத் தேடிக் காண்பவர் வேண்டும். நாள் பார்த்துக் கொள்பவர் வேண்டும். நீராட்டுபவர், நடுபவர், படையலிடுபவர், வாழ்த்துபவர் வேண்டும். இவர்களுள் ஒருவர் தவறினும் கல் வெறுங்கல்லாகிவிடும். அகநானூற்றிலும் புறநானூற்றிலும் வழியோரக் கற்களைப் பாடிய புலவர்கள், பீலி சூட்டப்பெற்ற கல்லையும் கண்டனர். எழுத்துத் தேய்ந்து எவருடையது என்று படிக்கவியலாத கல்லையும் கண்டனர்.

இந்நெறியைக் கொண்டு நோக்கின் குமரன் நினைவு நிலைத்தமையின் காரணம் விளங்கும். சென்னிமலையில் நெசவுக் குடியில் 1904 அக்டோபர் 4-இற் பிறந்து, திருப்பூரிற் பஞ்சுத் தொழிலிற் பணியாற்றிய இளைஞர் அவர். தடைமீறிச் சென்ற சிறு ஊர்வலத்திற் கையில் கொடியோடு தாக்குண்டு, மறுநாள், 1932 சனவரி 11-இல், மருத்துவமனையில் உயிர்நீத்தார். இங்கே பெயர் உண்டு, நாள் உண்டு, இடம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் ஒரு பொருள் உண்டு. கொடி காத்த குமரன் என்னும் அடைமொழித் தொடர், பழைய கரந்தை வீரனுக்குரிய துறைப்பெயரைப் போலவே அமைந்துவிட்டது. பிறர் கவர வந்ததைக் காத்து மாய்ந்தான் என்பதே கரந்தையின் சாரம். ஆநிரையின் இடத்திற் கொடி வந்து நின்றது. படிப்பறிவில்லாத ஊராரும் அக்கதையை ஒருமுறை கேட்டவுடன் தம்முடையதாக்கிக் கொண்டது இதனாலேயே ஆகும். பின்னர்ச் சிலையும் நினைவகமும் சாலைப் பெயரும் வந்தன. 2004-இல் நூற்றாண்டு அஞ்சல்தலையும் வந்தது. வாழ்த்து என்னும் ஆறாம் நிலையை அரசே ஏற்றுக்கொண்டது.

சின்னியம்பாளையத்தார் நால்வரின் நினைவு இதனின் வேறு. இராமையன், இரங்கநாதன், வெங்கடாசலம், சின்னையன் ஆகிய நால்வரும் ஆலைத் தொழிலாளர்; தொழிற்சங்கத்தினர். சங்கத்தாரை ஒடுக்க ஆலைத்தரப்பின் கையாளாக இருந்தார் என்று சங்கத்தினர் கூறும் ஒருவர் கொலையுண்ட வழக்கில் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். நால்வரையும் ஒருசேர அடக்கம் செய்தனர். ஆண்டுதோறும் சனவரி 8-இற் பொதுவுடைமை இயக்கத்தார் அங்குக் கூடுகின்றனர். அரசின் வாழ்த்து இல்லாத இடத்தில் இயக்கம் அதனைச் செய்கிறது. இயக்கம் தளர்ந்தால் நினைவும் தளரும் என்னும் அச்சம் அந்நினைவின் உள்ளேயே இருக்கிறது; அதனாற்போலும் ஏனைய நினைவு நாள்களிலும் பார்க்க அது பிடிவாதமாக நடத்தப்படுகிறது. கொலையுண்டவரைப் பற்றி அந்நினைவிற் பழிச்சொல் ஒன்றே எஞ்சியது. அவர் குற்றவாளியாகவே இருந்திருக்கலாம். எனினும் நால்வர் மாண்ட கதையில் ஐந்தாவதாக ஓர் இறப்பு உண்டென்பதை ஆராய்ச்சியாளன் மறத்தலாகாது.

பெருமாநல்லூரின் நினைவோ முற்றிலும் நிலத்தோடு பிணைந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்த உழவர் கிளர்ச்சியில் 1970-இல் மூவர் இறந்தனர். இரண்டாண்டுகட்குப் பின், 1972 சூலை 5-இல், தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உழவர் பலர் மாண்டனர். கோவை மாவட்டத்து வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடு கட்டியெழுப்பிய உழவர் இயக்கம் இவ்விரு நாள்களையும் தன் ஆண்டுக் கணக்கில் நிலையாகச் சேர்த்துக் கொண்டது. பெருமாநல்லூரில் நினைவுத்தூண் உண்டு. 1990-இல் உழவுக்கு முழுதும் விலையில்லா மின்சாரம் அறிவிக்கப்பட்டபோது, அந்த இறப்புகளுக்கு ஒரு பயன் கிடைத்தது என்று இயக்கத்தார் கருதினர். பயன் தந்த இறப்பு எளிதிற் பாடப்படும். அச்சலுகைக்கு இடர் வரும் என்னும் பேச்சு எழும்போதெல்லாம் அந்த மூவர் மீண்டும் மேடைக்கு வருகின்றனர். சோமனூர்த் தறிக்காரர்க்கும் மின்கட்டணம் உயிர்நிலையாகும். 2022-இற் கூலி உயர்வு வேண்டித் தறிகளை நிறுத்தியதும், அவ்வாண்டே மின்கட்டண உயர்வை எதிர்த்ததும் அவர்கள் மறந்திரார். எனினும் பெருமாநல்லூர் உழவரின் கல்; தறிக்காரரின் கல் அன்று. ஒரே மின்கம்பியிலிருந்து வாழும் இரு தொழிலாரும் நினைவில் ஒன்றாகவில்லை.

எழுவாய் இல்லா வாக்கியம்

இனி 1965-க்கு வருவோம். இதிற் சற்று நிற்றல் வேண்டும்.

அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக வேண்டும் என்னும் அரசமைப்பு விதி நடைமுறைக்கு வருதலை எதிர்த்து மாணவர் கிளர்ந்தனர். முந்தைய ஆண்டு அதே திங்களின் 25-ஆம் நாளிற் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்து மாண்டிருந்தார். 1965 சனவரி 27-இற் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார். பிப்ரவரி இரண்டாம் கிழமையிற் கிளர்ச்சி உச்சத்தை எட்டியது. பிப்ரவரி 10, புதன்கிழமை, மாநிலத்தின் பல ஊர்களிற் காவலர் சுட்டனர். கொங்கு நாட்டில் அந்நாள் மிகக் கொடியதாக விடிந்தது. திருப்பூரில் உதவி ஆய்வாளர் இருவர் கூட்டத்தாரின் கையிற் சிக்கி எரிந்து மாண்டனர். மறுநாள் நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகலைக் கொடுத்தனர். 12-இற் பொள்ளாச்சியிற் படையினர் சுட்டனர். சத்தியமங்கலம் முத்து தீக்குளித்தார். மார்ச்சு 2-இற் பீளமேட்டில் மாணவர் தண்டபாணி நஞ்சுண்டு இறந்தார். மாநிலம் முழுவதும் மாண்டோர் அரசுக் கணக்கில் ஏறத்தாழ எழுபதின்மர். பிறர் கணக்கில் அதன் பன்மடங்கு.

இந்நிகழ்ச்சியை அன்றைய அரசு கலவரம் என்றது. பங்குகொண்டோர் மொழிப்போர் என்றனர். 1967-இல் ஆட்சி மாறியபின் இரண்டாம் பெயரே நின்றது. சனவரி 25 மொழிப்போர் ஈகியர் நாளாயிற்று. மொழிப்போர் என்னும் தொடர் மிக ஆற்றல் வாய்ந்தது. அது தெருவின் குழப்பத்தைப் புறத்திணையின் ஒழுங்குக்குள் கொணர்ந்தது. போர் என்றவுடன் களம் வந்தது, களப்பலி வந்தது, மறவர் வந்தனர். ஆனாற் போர் என்றால் மாற்றார் வேண்டுமன்றோ? எரிந்த இருவரும் அவ்விடத்தில் மாற்றாராக நிறுத்தப்பட்டனர். அவர்களும் இந்நாட்டுக் குடும்பங்களின் மக்கள். தமிழ்நாட்டுக் காவல் துறையின் சிறிய படிநிலையிற் சம்பளம் வாங்கியவர்கள். இந்தியை ஆட்சிமொழியாக்கும் முடிவில் அவர்களுக்கு யாதொரு பங்கும் இல்லை.

ஈண்டு இலக்கணம் பற்றி ஒன்று குறித்தல் வேண்டும். இந்நாள்களைப் பற்றிய பேச்சிலும் எழுத்திலும் வினைச்சொற்கள் வரும் முறையை உற்று நோக்குக. கிளர்ச்சியின் சார்பில் எழுதுவோர், காவலர் சுட்டனர் என்று செய்வினையில் எழுதுவர். உதவி ஆய்வாளர்கள் எரிக்கப்பட்டனர், அல்லது எரிந்து போயினர் என்று முடிப்பர். அரசின் சார்பில் எழுதுவோர், கூட்டத்தினர் எரித்தனர் என்று செய்வினையில் எழுதுவர். துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, அல்லது நடத்த வேண்டியதாயிற்று என்று முடிப்பர். தம் தரப்பின் செயல் வரும்போது எழுவாய் மறைகிறது. தமிழிற் செயப்பாட்டு வினை இயல்பாகப் பயின்று வருவதன்று என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். அது மிகுந்து வரும் இடத்தில் ஏதோ ஒன்று ஒளிக்கப்படுகிறது என்று ஐயுறுதல் தவறாகாது. இக்கட்டுரையின் முதற் பத்தியில் யானும் உதவி ஆய்வாளர் இருவர் எரிக்கப்பட்டதும் என்றே எழுதியுள்ளேன். எழுதியபோது அதனை உணர்ந்திலேன். திருத்தாமல் விட்டது, நினைவு மொழியின் பழக்கம் எழுதுபவனையும் எவ்வாறு பற்றுகிறது என்பதற்குச் சான்றாக.

அவ்விருவர்க்கும் நினைவே இல்லை என்று சொல்லுதல் பொருந்தாது. ஆண்டுதோறும் அக்டோபர் 21-இற் காவல் துறையினர் பணியில் இறந்தவர்களுக்கு வீரவணக்க நாள் கொண்டாடுகின்றனர். 2018-இல் தில்லியில் திறக்கப்பட்ட தேசியக் காவலர் நினைவகத்துச் சுவரில், 1947 முதல் பணியில் மாண்ட காவலர் 34,000-க்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்துள்ளனர். ஆகவே ஒரு தரப்புக்கு ஒரு சுவர். மற்றொரு தரப்புக்கு ஒரு நாளும் சிலைகளும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகையினர் உளர். அவர்களே மிகப் பலர். சுடப்பட்டவர் அனைவரும் கொடி பிடித்து வந்தவர் அல்லர். கூட்டத்தைப் பார்க்க நின்றவர், வேலை முடிந்து வீடு திரும்பியவர், என்ன நடக்கிறது என்று அறியாமல் ஓடியவர் எனப் பலர் இருத்தல் கூடும் என்பது எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் பொருந்தும். ஈகியர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. காவலர் சுவரிலும் இல்லை. அரசுக் கணக்கில் எண்ணாக நின்றனர். அந்த எண்ணே உறுதியில்லாதது என்பதை மேலே கண்டோம்.

மறந்த துறை

புறத்திணை மரபே இவ்வாறு ஒரு சார்பாகத்தான் நினைக்கச் செய்கிறது என்று எவரேனும் கூறின், அதனை மறுத்தற்குப் போதிய சான்றுகள் உண்டு.

தும்பைத் திணையில் தொகைநிலை என்று ஒரு துறையைத் தொல்காப்பியர் கூறினார். இரு பெருவேந்தரும் அவர்தம் சுற்றமும் ஒருவரும் எஞ்சாமல் மாண்ட நிலை அது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற் கிள்ளியும் பொருது களத்திலே வீழ்ந்தபோது, கழாத்தலையாரும் பரணரும் பாடிய புறநானூற்றுப் பாடல்களை (62, 63) இன்றைய நினைவேந்தல் உரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வென்றவன் இல்லை, ஆதலின் வாகை இல்லை. யார் பக்கம் நீதி என்னும் வினாவையும் புலவர் எழுப்பவில்லை. இரு குடைகளும் சாய்ந்தமையையும், இரு நாட்டு ஊர்களும் வளமிழந்து நிற்கப்போவதையுமே நினைந்து வருந்தினர். சேரர் குடிக்கு வேண்டியவரோ சோழர் குடிக்கு வேண்டியவரோ இப்பாடலைத் தமக்கென்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

கற்களிலும் இதனைக் காணலாம். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில், தொறுவைக் கவரச் சென்று பட்டவனுக்கும் கல் உண்டு. தொறுவை மீட்கச் சென்று பட்டவனுக்கும் கல் உண்டு. கல்லின் வடிவம் ஒன்றே. எழுத்தின் முறை ஒன்றே. அவ்வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, தன் தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்துப் போராடிய கோவிவன் என்னும் நாயின் பெயரைப் பொறித்து, அதன் உருவையும் செதுக்கியுள்ளது. நாய்க்கும் பெயரெழுதிய நாட்டில், 1965-இல் தெருவில் வீழ்ந்த மனிதர் பெயர்களை ஒரு தாளில் எழுத இயலாமற் போனது எண்ணத்தக்கது. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துள்ள கல்லும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நடுகற்களுள் ஒன்றாகிய அது, ஊரையும் ஆகோளையும் அந்தவன் என்பவனது பெயரையும் சொல்லி அமைகிறது. அவனைப் புகழவும் இல்லை, அவனைக் கொன்றவரைப் பழிக்கவும் இல்லை.

இதற்கு மாறான சான்றையும் மறைத்தல் நேர்மையன்று. சிலப்பதிகாரத்திற் கண்ணகி மதுரையை எரித்தபோது, பார்ப்பாரையும் அறவோரையும் ஆவையும் பத்தினிப் பெண்டிரையும் மூத்தோரையும் குழவியையும் விலக்கித் தீயோரை மட்டும் எரிக்குமாறு தீக்கடவுளை ஏவினாள். வெகுளியின் உச்சியிலும் வேறுபாடு கண்டவள் அவள். ஆனால் அவளை ஆற்றுதற்கு அரசு செய்தது யாது? கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலிற் பலியூட்டினான் என்று நூல் கூறுகிறது. குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவன் தொழிலினர் என்பதன்றி அவர்கள்மேல் வேறு குற்றம் சொல்லப்படவில்லை. நாட்டில் மழை பெய்தது, நோய் நீங்கியது என்று உரைபெறு கட்டுரை கூறுகிறது. சேரன் கண்ணகிக்கு இமயத்துக் கல்லெடுத்த பெருமையைக் காதை காதையாக விரிக்கும் நூல், இவ்வாயிரவரை ஓரிரு வரியிற் கடந்துவிடுகிறது. வகுப்பறையில் யாமும் அவ்விடத்தை விரைந்தே கடக்கிறோம். பல ஆண்டுகள் இக்காப்பியத்தைப் பாடம் சொல்லியபின், ஒரு மாணவி அவர்களுக்கு யார் கல் நட்டார் என்று கேட்டபோதுதான் யான் அவ்வரிகளில் நின்றேன். காப்பியத்தின் பெருமை இதனாற் குறையாது. ஒரு பொது நினைவு எழும்போதே மற்றொன்று அதன் அடியிற் புதைதல் உண்டு என்பதற்கு அந்நூலே முதற் சான்று.

நாள் எங்கே தொடங்குகிறது

வட்டத்தின் மேற்கு விளிம்பிலுள்ள கோவையைப் பற்றிச் சில சொற்களே கூறுவேன். காயம் இன்னும் ஆறவில்லை. 1997 நவம்பர் 29-இற் காவலர் ஒருவர் கொலையுண்டார். அதனைத் தொடர்ந்த நாள்களிற் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முசுலிம்கள் 18 பேர் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-இல் நகரின் பல இடங்களிற் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். இவ்வரலாற்றைச் சொல்லத் தொடங்கும் ஒருவர் எந்த நாளிலிருந்து தொடங்குகிறார் என்பதைக் கேட்ட அளவிலேயே அவர் எப்பக்கத்தவர் என்பது தெரிந்துவிடும். பிப்ரவரியிலிருந்து தொடங்குவார்க்கு நவம்பர் வெறும் முன்னுரை. நவம்பரிலிருந்து தொடங்குவார்க்கு பிப்ரவரி அதன் விளைவு. காவலரின் குடும்பத்தார் தொடங்கும் இடம் வேறு. தொடக்கத்தை வரையறுத்தல் வரலாற்றாசிரியன் கையில் உள்ள பெரிய படைக்கலம். இலக்கிய மாணவர் இதனை எளிதில் உணர்வர். ஒரு கதையை எங்கே தொடங்கினால் யார் தலைவன் ஆவான் என்பது அவர்கள் அறியாததன்று.

நினைவு நாளே புதிய பூசலுக்கு இடமாதலும் உண்டு. 1957 செப்டம்பர் 11-இல் கொலையுண்ட இம்மானுவேல் சேகரனின் நினைவு நாளன்று, 2011-இற் பரமக்குடியிற் கூடியவர்கள்மேற் காவலர் சுட்டு உயிர்கள் பலியாயின. இறந்தவனை அழச் சென்றவர் இறந்தனர். பூசல் என்னும் பழஞ்சொல்லின் இரு பொருளும் அன்று ஒன்றாயின.

மாணவர் செய்யத்தக்கது

இப்பொருளில் ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவர்க்குத் திருப்பூர் 1965 நல்ல களம். அன்றைய சுதேசமித்திரன், தினமணி, இந்து முதலிய நாளிதழ்களும் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும் ஆவணக் காப்பகத்திற் காணக்கூடியன. அவற்றைவிட அரியது வாய்மொழி. அன்று இருபது அகவையினராக இருந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர்களிடம் செல்லும்போது, போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் மேடையில் கேட்ட உரையே திரும்ப வரும். அன்று காலையில் என்ன வேலையாக இருந்தீர்கள், எந்தத் தெருவில் நின்றீர்கள், எந்தக் கடை திறந்திருந்தது, யாரோடு வீடு திரும்பினீர்கள் என்று கேட்டல் வேண்டும். விடை சொல்லுபவர் எவ்விடத்திற் செய்வினையிலிருந்து செயப்பாட்டு வினைக்கு மாறுகிறார் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒலிப்பதிவை எழுத்தில் வடிக்கும்போது அவ்விடங்களைத் திருத்தி இலக்கணச் செம்மை செய்துவிடக் கூடாது.

மருத்துவமனைகளின் பழம்பதிவேடுகள், இடுகாட்டுக் குறிப்புகள், பிறப்பு இறப்புப் பதிவேட்டின் பிப்ரவரிப் பக்கங்கள் ஆகியவற்றையும் உடன்வைத்து நோக்கினால், எண்ணாக நிற்பவர்களுட் சிலரேனும் பெயராகக் கூடும். பட்டியல் அமைக்கும்போது மாணவர், உதவி ஆய்வாளர், வழிப்போக்கர் என்று பிரித்துத் தலைப்பிட வேண்டுவதில்லை. அகர வரிசையில் எழுதுக. ஊர், அகவை, தொழில், இறந்த நாள், இறந்த முறை ஆகிய ஐந்தும் போதும். சோமனூர், கருமத்தம்பட்டி, அவிநாசி, பல்லடம் ஆகிய ஊர்களிலிருந்து அந்நாளில் திருப்பூருக்கு வேலைக்கும் சந்தைக்கும் சென்று திரும்பாதவர் எவரேனும் உண்டா என்று வீடு வீடாகக் கேட்டறிதல், ஓராண்டுப் பணியாக ஒரு மாணவர்க்கு அமையும்.